எதன் வீதப்படி?

ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் பெயர்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கடினமான சொற்களால் பெருந்தொல்லை நேர்வதில்லை. கடினமான சொல்லைக் கண்டவுடன் எச்சரிக்கை பிறந்துவிடுகிறது. அகராதியை எடுக்கிறோம்; அறிந்தவர்களைக் கேட்கிறோம்; ஒருவாறு பொருள் விளங்கிவிடுகிறது. தொல்லை தருபவை, நன்றாகத் தெரிந்தவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் சொற்களே. அத்தகைய சொல் ஒன்றைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

‘புரோரேட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. ஒரு தொகையையோ உரிமையையோ பொறுப்பையோ, ஏதேனும் ஓர் அளவுக்கு ஏற்றபடி பங்கிடுவது என்பது அதன் பொருள். அரசாங்கக் கடிதங்களிலும், காப்பீட்டுப் பத்திரங்களிலும், சம்பளக் கணக்குகளிலும் இச்சொல் அடிக்கடி தலைகாட்டும். அகராதிகள் இதற்கு ‘விகிதாசாரப்படி பங்கிடு’ என்று பொருள் கூறும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எழுதி வந்தேன். அதில் குறை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை எங்கள் பிரிவுக்கு மொழிபெயர்ப்புக்காக வந்தது. கடைநிலை ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 7,300 ரூபாய் படி அளிப்பது பற்றியது அது. ஆண்டின் நடுவே வேலையில் சேர்ந்தவர்களுக்கு அந்தத் தொகை ‘புரோரேட்’ செய்யப்படும் என்று மூலத்தில் ஒரு வரி இருந்தது. ‘விகிதாசாரப்படி வழங்கப்படும்’ என்று தமிழில் எழுதினேன். வாக்கியம் நன்றாக இருந்தது, மேலதிகாரியும் கையொப்பமிட்டார், சுற்றறிக்கை தென்னாட்டுக் கிளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாறு மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு கிளை அலுவலகத்தின் காவலாளி. கோடு போட்ட தாளில், திருத்தமான கையெழுத்தில், நான்கே வரிகள். “ஐயா, நான் நவம்பர் 17ஆம் தேதி வேலையில் சேர்ந்தேன். எனக்கு 2,433 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் அனுப்பிய தமிழ் உத்தரவில் விகிதாசாரப்படி என்று இருக்கிறது. எதன் விகிதாசாரப்படி என்று அதில் இல்லை. தயவுசெய்து தெரிவிக்கக் கோருகிறேன்.”

கடிதத்தைப் படித்துவிட்டு நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பர் 17 முதல் மார்ச்சு 31 முடிய 135 நாட்கள். ஆண்டுக்கு 7,300 ரூபாய் என்றால் நாளைக்கு 20 ரூபாய். நாட்கணக்கில் பார்த்தால் அவருக்குச் சேர வேண்டியது 2,700 ரூபாய். முழுதாக நிறைவேறிய மாதங்களை மட்டும் எண்ணினால் நான்கு மாதங்கள். அதற்கு 2,433 ரூபாய். சேர்ந்த மாதத்தையும் ஒரு மாதமாகக் கொண்டால் ஐந்து மாதங்கள். அதற்கு 3,041 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக, மூன்று கணக்குகள், மூன்று விடைகள். மூன்றுமே விகிதாசாரப்படி போட்ட கணக்குகள்தாம்! நான் எழுதிய வாக்கியம் மூன்றையும் ஒருங்கே அனுமதித்தது, எதையும் கட்டளையிடவில்லை.

“மூலத்தில் உள்ளதைத்தானே எழுதினோம்?” என்றார் அருகிலிருந்த நண்பர். உண்மைதான். ஆங்கில மூலத்திலும் அளவு எது என்று சொல்லப்படவில்லை. ஆயினும் அந்தச் சமாதானம் என் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. அந்தக் காவலாளி கேட்ட கேள்வியை, மொழிபெயர்த்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு முன்பே அந்த வரியைப் படித்தவன் நான். படித்தும் எனக்கு ஐயம் எழவில்லை. ஏன் எழவில்லை என்று சிந்திக்கத் தொடங்கினேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘புரோ ரேட்டா’ என்பது இலத்தீன் தொடர். கணக்கிட்டு வரையறுத்த பங்கின்படி என்பது அதன் பொருள். ‘ரேட்டா’ என்பதற்கு அடியாக உள்ள வினைச்சொல் எண்ணுதல், கருதுதல் என்று பொருள்படும். விகிதத்தைக் குறிக்கும் ‘ரேஷியோ’ என்ற சொல்லும், பகுத்தறிவைக் குறிக்கும் ‘ரீஸன்’ என்ற சொல்லும் அதே அடியிற் பிறந்தவை. எண்ணுதல் என்ற நம் தமிழ்ச் சொல்லும், தொகை கணக்கிடுவதையும் மனத்தில் கருதுவதையும் ஒருங்கே குறிக்கிறது என்பதை இங்கே நினைவுகூரலாம். அந்த இலத்தீன் தொடரைச் சுருக்கி ஒரே வினைச்சொல்லாக ஆக்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்கள். தொடர் வினையாகச் சுருங்கியபோது வசதி பிறந்தது. ஆனால் ‘கணக்கிட்டு வரையறுத்த’ என்னும் நிபந்தனை கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். பங்கிடும் தொழிலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பிரி என்றால் ஒன்றாக இருந்தது வேறு வேறாகப் போவது ஒன்றே பொருள். யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அதில் இல்லை. பகிர் என்பதில் அன்பின் சாயல் உண்டு. சோற்றையும் பகிரலாம், துயரத்தையும் பகிரலாம். யாரும் அங்கே அளவுகோலை எடுப்பதில்லை. வகு என்பது ஒழுங்கை உணர்த்துவது. வகையும் வகுப்பும் அதிலிருந்து வந்தவை. பள்ளிக்கூடத்து வகுத்தற் கணக்கும் அதுவே. அந்தக் கணக்கின் விடைக்கு ஈவு என்று பெயர். ஈதலாவது கொடுத்தல், வகுத்தபின் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுவது ஈவு. பங்கிடு என்று சொல்லும்போதுதான் உரிமை என்ற எண்ணம் உள்ளே வருகிறது. தந்தை வழி உறவினரைப் பங்காளி என்று அழைக்கும் வழக்கமே இதற்குச் சான்று. பங்கு கேட்க உரிமையுள்ளவன் பங்காளி. பகிர்ந்து கொடுத்ததற்கு நன்றி சொல்வார்கள். பங்கிட்டுக் கொடுத்தால் கணக்குக் கேட்பார்கள்!

ஆனால் பங்கிடு என்ற சொல்லும் அளவைச் சொல்வதில்லை. சமமாகவும் பங்கிடலாம், ஏற்றத்தாழ்வுக்குத் தக்கபடியும் பங்கிடலாம். இந்த வேற்றுமையை நம் கிராமத்து மக்கள் மிக நன்றாக அறிவார்கள். ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்டும்போது தலைக்கட்டு வரி போடுவது வழக்கம். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. பெரிய பண்ணைக்காரரும் சிறிய குடியானவரும் ஒரே தொகையைக் கொடுப்பார்கள். அதே ஊரில் ஏரி வாய்க்காலைத் தூர் வாரும் செலவென்றால், பாயும் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பணமோ ஆளோ கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொள்வதும் உண்டு. திருவிழாவில் எல்லோரும் சமம். நீரில் பயன் பெறுகிறவன் பயனுக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். இரண்டும் நியாயமே. எந்தக் காரியத்துக்கு எந்த அளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

உழவுத் தொழிலில் வழங்கும் வாரம், குத்தகை என்னும் இரண்டு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். வாரம் என்பது விளைந்ததில் இத்தனை பங்கு என்ற ஏற்பாடு. நிலத்துக்கு உரியவர் பெறுவது மேல்வாரம். உழுகிறவர் பெறுவது குடிவாரம். விளைச்சல் ஏறினால் இருவர் பங்கும் ஏறும்; மழை பொய்த்தால் இருவர் பங்கும் இறங்கும். குத்தகையோ இத்தனை கலம் நெல் என்று முன்னரே குறித்துவிடுவது. வானம் பொய்த்த ஆண்டிலும் உழுதவன் அதே அளவை அளந்தாக வேண்டும். விகிதத்துக்கும் நிலைத்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டை, பஞ்சம் வந்த ஆண்டில் ஒரு குடியானவனைவிடத் தெளிவாக எந்தக் கணித நூலும் விளக்கிவிட முடியாது.

சட்டம் இதை எப்படிக் கையாளுகிறது? நன்கு எழுதப்பட்ட சட்டம் அளவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிடும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 36ஆம் பிரிவு நல்ல எடுத்துக்காட்டு. மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது, சொத்தைக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே, வாடகை முதலிய வருமானங்கள் நாளுக்கு நாள் சேர்ந்து வருவனவாகக் கொள்ளப்பட்டு அதன்படி பங்கிடப்பட வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. மாதம் 9,000 ரூபாய் வாடகை வரும் வீடு ஒன்று செப்டம்பர் 11ஆம் தேதி கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற் பத்து நாட்களுக்கு 3,000 ரூபாய் விற்றவருக்கு. எஞ்சிய இருபது நாட்களுக்கு 6,000 ரூபாய் வாங்கியவருக்கு. ‘நாளுக்கு நாள்’ என்ற ஒரே தொடர் அங்கே எழக்கூடிய வழக்கை முன்னரே தீர்த்து வைத்துவிட்டது.

பங்கிட வேண்டாம் என்று நினைக்கும்போதும் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்லும். 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணிக்கொடைச் சட்டம், நிறைவேறிய ஒவ்வோர் ஆண்டுக்கும், அதன் மேல் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதிக்கும், பதினைந்து நாள் ஊதிய வீதம் கொடுக்கச் சொல்லிற்று. பத்து ஆண்டுகள் ஏழு மாதங்கள் உழைத்தவருக்குப் பதினோர் ஆண்டுக் கணக்கு. பத்து ஆண்டுகள் ஐந்து மாதங்கள் உழைத்தவருக்குப் பத்து ஆண்டுக் கணக்குத்தான். ஏழு மாதத்துக்கு ஏழு மாதக் கணக்கு, ஐந்து மாதத்துக்கு ஐந்து மாதக் கணக்கு என்று அது போடவில்லை. ஐந்து மாதத்தை இழந்தவருக்கு வருத்தம் இருக்கலாம்; ஆனால் கணக்கு என்ன என்பதில் அவருக்கு ஐயம் இராது.

அளவைச் சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுமா? பணத்தைக் காசு வரையில் பிரிக்கலாம். பிரிக்க இயலாத பொருளாக இருந்தால் மிச்சம் என்ற சிக்கல் எழுகிறது. அமெரிக்க நாட்டில் 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பங்கில் உள்ள முழு எண்ணை முதலில் கொடுத்துவிட்டு, மீந்த இடங்களைப் பின்னத்தில் பெரிய பின்னம் உள்ள மாநிலங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது அப்போதைய முறை. சபையில் 299 இடங்கள் என்றால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடங்கள் கிடைத்தன. 300 இடங்கள் என்று கூட்டியபோது அதே அலபாமாவுக்கு 7 இடங்களே கிடைத்தன! மொத்தம் பெருகியிருக்க ஒருவர் பங்கு குறைவதா என்று கணக்கிட்டவர்களே வியந்தார்கள். மொத்தம் கூடும்போது பெரிய மாநிலங்களின் பங்கு வேகமாக வளர்ந்து, அவற்றின் பின்னம் அலபாமாவின் பின்னத்தை முந்திவிட்டதே காரணம். விகிதம் பிழைபடவில்லை. மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விதியில்தான் வினை இருந்தது.

நம் நாட்டிலும் இடங்களைப் பங்கிடுவது மக்கள்தொகையை ஒட்டியே அமைந்தது. மக்களவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய இடங்களுக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், கூடியவரையில் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 81ஆம் விதி வகுத்த நெறி. அந்த நெறியின்படி, 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் 41 இடங்களைப் பெற்றிருந்த சென்னை மாநிலம், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப் பின் 1967இல் 39 இடங்களைப் பெற்றது. மற்ற மாநிலங்களின் மக்கள்தொகை விரைந்து பெருகினால், மெதுவாகப் பெருகிய மாநிலத்தின் பங்கு சுருங்கும். குடும்பநலத் திட்டத்தை நன்றாக நிறைவேற்றிய மாநிலத்துக்கு இது தண்டனை ஆகாதா என்ற கேள்வி எழுந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நிலையான அளவாக நிறுத்தி வைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரையில் நீட்டித்தது. இந்த விவாதம் முழுவதிலும் விகிதம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிட்டவர் அரிதே. எந்த ஆண்டின் எண்ணிக்கையை அளவாகக் கொள்வது என்பதே வழக்கு.

மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடும் நிதி ஆணையங்களின் கதையும் இதுவே. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக் காலத்துக்கு, பங்கிடத்தக்க வரித்தொகையில் நூற்றுக்கு 41 பங்கை மாநிலங்களுக்கு அளிக்குமாறு பதினைந்தாவது நிதி ஆணையம் பரிந்துரைத்தது. அதை மாநிலங்களுக்குள் எதன்படி பிரிப்பது? தலைவருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 45 மதிப்பு, 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, காட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 10, மக்கள்தொகைப் பெருக்கத்தை மட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 என்று அது வகுத்தது. கூட்டினால் நூறு. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. குறை சொல்ல விரும்புகிறவர் எந்த எண்ணைச் சுட்டிக் குறை சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது. அளவு வெளிப்படையாக இருப்பதன் பெரிய நன்மை அதுவே.

இப்போது காவலாளியின் கடிதத்துக்குத் திரும்புவோம். நான் எழுதிய வரியில் எனக்கு ஐயம் எழாமற் போனதற்குக் காரணம் ‘விகிதாசாரப்படி’ என்ற சொல்லே என்பது பிறகு விளங்கிற்று. அந்தச் சொல் தனியாக நிற்கவல்லது. எதன் விகிதாசாரம் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், இலக்கணம் இடித்துரைக்காது. சொல்லும் நீளமாக, கம்பீரமாக இருப்பதால் ஏதோ துல்லியமாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவும் நமக்கு ஏற்பட்டுவிடுகிறது.

மக்கள் வழக்கில் உள்ள வீதம் என்ற சொல்லைப் பாருங்கள். தலைக்கு ஒரு ரூபாய் வீதம் என்கிறோம். ஏக்கருக்கு மூன்று மூட்டை வீதம் என்கிறோம். நாளைக்கு இருபது ரூபாய் வீதம் என்கிறோம். தலைக்கு, ஏக்கருக்கு, நாளைக்கு என்று ஒரு சொல் முன்னே வராமல் அது நிற்பதே இல்லை. ‘இருபது ரூபாய் வீதம் கொடு’ என்று மட்டும் ஒருவர் சொன்னால், கேட்கிற சிறுவன்கூட ‘எதற்கு இருபது?’ என்று கேட்பான். ‘ஆளுக்கு எவ்வளவு விழும்?’ என்று கேட்பதும் அத்தகையதே. நூற்றுக்கு இத்தனை என்பதை உணர்த்த இன்று நாம் வழங்கும் விழுக்காடு என்ற சொல்லுக்குள்ளும் அந்த விழுதல் இருக்கிறது. அளவைச் சொல்லாமல் பங்கைச் சொல்ல விடாத கட்டுப்பாட்டை நம் மொழி தன் பேச்சு வழக்கிலேயே வைத்திருக்கிறது. படித்த நாம்தாம் அதைத் தாண்டிச் செல்லப் பெரிய சொல் ஒன்றைத் தேடிக்கொண்டோம்.

விகிதாசாரம் என்ற சொல்லை அடியோடு விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கணக்கியலில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஒருவருடைய கூலியையோ, வாடகையையோ, ஓய்வுக்காலத் தொகையையோ தீர்மானிக்கும் உத்தரவில் அதைத் தனியே நிறுத்தலாகாது. ‘பணியாற்றிய நாட்களுக்கு, ஆண்டில் 365 நாட்கள் என்ற கணக்கில், நாள்வீதம் வழங்கப்படும்’ என்று எழுதினால் வாக்கியம் சற்று நீளும். நீளட்டும். எதைப் பங்கிடுகிறோம், யாருக்குப் பங்கிடுகிறோம், எதன் வீதப்படி, மிச்சத்தை என்ன செய்வது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை அதில் இருக்குமானால், படிக்கிறவர் தம் பங்கைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தைச் சுற்றறிக்கை அனுப்பிய பிரிவுக்கு எடுத்துச் சென்றேன். எந்தக் கணக்கு என்பதை அவர்களும் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. ஒவ்வொரு கிளையும் தனக்குத் தோன்றிய வழியில் கணக்கிட்டு வந்தது. சில வாரங்களில் விளக்கக் குறிப்பு ஒன்று வெளியாயிற்று. நாட்கணக்கே கொள்ளப்பட வேண்டும் என்று அது கூறியது. குறைவாகப் பெற்றவர்களுக்கு எஞ்சிய தொகை பின்னர் வழங்கப்பட்டது. காவலாளிக்குச் சேர்ந்தது 267 ரூபாய். ‘நாள்வீதம்’ என்ற சொல்லை அந்தக் குறிப்பின் தமிழ் வடிவத்தில் நானே எழுதினேன். மறுபடி கடிதம் ஏதும் வரவில்லை.

அது முதல், பங்கிடுவது பற்றிய எந்த வாக்கியம் என் மேசைக்கு வந்தாலும், பேனாவை எடுக்கும் முன் அவர் கேட்ட கேள்வியை நான் கேட்டுக்கொள்கிறேன். மூலத்தில் விடை இல்லையென்றால் எழுதியவர்களிடம் கேட்டு அனுப்புகிறேன். வேலை சிறிது தாமதப்படுகிறது. சிலருக்கு என்மேல் சலிப்பும் உண்டு. ஆயினும் 267 ரூபாய்க்காகக் கோடு போட்ட தாளைத் தேடி எடுத்து ஒருவர் கடிதம் எழுத நேர்வதைவிட, மேசைக்கு முன் இருக்கும் நாங்கள் ஒரு நாள் தாமதிப்பது எவ்வளவோ மேல் அல்லவா?